ரசீதுச் சுருள்

ஈசூன் சமூக மன்றத்தின் இரண்டாம் மாடியில்
ஒரு சனிக்கிழமை,
குளிர்சாதனம் பல்லைக் கிட்டிக்க வைக்க
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
உங்கள் படைப்புப் பாணி எது?
திட்டமிடுபவரா, திடீரெனக் குதிப்பவரா?
படமாக யோசிப்பீர்களா, சொல்லாகவா?
அதிகாலையா, நள்ளிரவா?
கட்டத்தில் டிக் போடச் சொன்னார்கள்.

பக்கத்து நாற்காலி ஹுவே லிங்
நான்கே நிமிடத்தில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.
நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பதினோரு வருடமாக ஈரடுக்குப் பேருந்து ஓட்டுகிறவள்.
எனக்கு யோசனை வருவது
சிவப்பு விளக்கில்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஆனாலும் ஆசை யாரை விட்டது.
ஹுவே லிங்கைப் பார்த்து
நானும் வண்ண ஒட்டுத்தாள் வாங்கினேன்,
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
திங்கள் கரு. செவ்வாய் கோட்டோவியம். புதன் வண்ணம்.
புதனன்று வேலைநேரம் மாறிவிட்டது.
மஞ்சள் தாள் ஒன்று கழன்று
மீன்குழம்புச் சட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டது.

அதற்கும் முன்பு ஒரு நோட்டுப் புத்தகம்.
தோல் அட்டை, தந்த நிறத் தாள்,
பிராஸ் பசாவில் நாற்பத்திரண்டு வெள்ளி.
அவ்வளவு நல்ல தாளில்
என் கோணல் கோட்டை வைக்க மனம் வரவில்லை.
பெரிய யோசனை வரட்டும் என்று அலமாரியில் வைத்தேன்.
வந்ததெல்லாம்
அந்தத் தாளுக்குப் போதாத யோசனைகள்.

ஒரு மழைநாள்.
கடைசி நிறுத்தத்தில், அடுத்த நடைக்கு ஏழு நிமிடம்.
கோப்பி ஓ வாங்கப் போனேன்.
பூன் கியாட் கல்லா இயந்திரத்தில்
புதுச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தார்.
ஓரத்தில் சிவப்புக்கோடு விழுந்த பழைய சுருள்
குப்பைக்குப் போக இருந்தது.
கேட்டேன்.
"எதுக்கு?" என்றார்.
தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

நின்றபடியே வரைந்தேன்:
சற்றுமுன் இறங்கிப் போனவர்,
கைகளில் கண்ணாடி மீன்தொட்டி,
தண்ணீர் இல்லை, மீனும் இல்லை,
உள்ளே அவர் குடை.
மேலே மழை.

மறுநாள் அதற்கு முந்திய நிறுத்தம்.
அதற்கு மறுநாள் அதற்கும் முந்தியது.
பின்னாலிருந்து முன்னால் போகிறேன் என்பது
ஒன்பதாவது படத்தில்தான் உறைத்தது.
யோசித்தால், நான் எப்போதும் இப்படித்தான்.
கடிதத்தில்கூட முதலில் 'இப்படிக்கு' எழுதிவிட்டுத்தான்
'அன்புள்ள'வுக்கு ஆளைத் தேடுவேன்.

ஓட்டும்போது வரையக் கூடாது.
பார்த்ததை
உப்புப் பிளம் மிட்டாய்போலக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன்.
ஒற்றைச் செருப்போடு ஏறிய பையன்.
தொலைபேசியில் சமாதானம் பேசி
அட்டையைத் தட்ட மறந்து
திரும்ப ஓடிவந்த பெண்.
இருபது நிறுத்தம் தாண்டியும் கரையாமல் கிடப்பது எதுவோ
அதை மட்டும் தாளில் துப்புவேன்.
கரைந்தது கரையட்டும்.
முன்பெல்லாம் அதற்காகத்தான் அழுதேன்.

ஒரு மாதம் லீவு கிடைத்தால் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
கிடைத்தது ஒருமுறை, கணுக்கால் சுளுக்கி, மூன்று வாரம்.
மூன்று வாரமும் தொலைக்காட்சி பார்த்தேன்.

"சூடு பட்டால் இந்தத் தாள் கறுத்துப் போகும்,
தெரியுமா?" என்றாள் ரோஸ்னா,
என் வண்டியை மாற்றிக்கொள்ள வந்தவள்.
தெரியாது.
"அப்படியென்றால் சீக்கிரம் முடி."
அவ்வளவுதான் அவள் விமர்சனம்.

நேற்று இரவு டிப்போவில், காலி மேல்தளத்தில்,
அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள
மூன்று சுருளையும் ஒட்டி விரித்தேன்.
முன்கண்ணாடியில் மீன்தொட்டிக்காரர்.
அங்கிருந்து பின்னோக்கி, இருக்கை இருக்கையாக,
இடம் விட்டு இடம் சாய்கிற என் கோடுகள்.
நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்கியே இருக்காது,
இது பேருந்தின் நீளம்.

வாளியோடு படியேறி வந்த துப்புரவுக்காரர்
மிதிக்காமல் ஓரமாக நின்றார்.
"முடிஞ்சுதா?"

பார்த்தேன். 
பின்வரிசைக்கு எட்டவில்லை.

இன்னும் இரண்டு இருக்கை பாக்கி.
நாளை எனக்கு முதல் நடை, ஐந்து ஐம்பத்திரண்டு.